ஏழுமலை வீட்டு மாட்டுக் கணக்கு

வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டுப் பிழைக்கிற உத்தியோகத்தில், வாசலில் கிடக்கும் நாய் ஒன்றுதான் மனசில் இருப்பதை மறைக்காமல் சொல்லும். என்னைப் போலக் காகிதக் கட்டும் சைக்கிளுமாக வெயிலில் அலைந்த சகோதரர்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

அறுபதுகளின் தொடக்கம். சிறு விவசாயிகளுக்கு எவ்வளவு நிலம், என்ன பயிர், எதை வைத்துக் காலம் தள்ளுகிறார்கள் என்று எழுதி வரச் சொல்லி என்னைக் கோலியனூர்ப் பக்கம் அனுப்பினார்கள். தற்காலிக வேலைதான். திண்டிவனத்தில் உட்கார்ந்திருந்த சூப்பர்வைசர் ஒரு நாள் வருவார், நான் எழுதிய வீடுகளில் ஏதோ ஒன்றில் நுழைவார், அதே கேள்விகளைக் கேட்பார். பதில் மாறினால் எனக்குச் சீட்டுக் கிழியும். என் சம்பளத்தை நம்பி விழுப்புரத்தில் ஒரு குடும்பம் உலை வைத்துக்கொண்டிருந்தது.

நிலம் எவ்வளவு?

முதல் வீட்டிலேயே குழப்பம். "நிலம் எவ்வளவுங்க?" என்று கேட்டேன். "கால் கெணறு" என்றார் வீட்டுக்காரர். நான் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்து, கிணறு இல்லை, நிலம் எவ்வளவு என்று திரும்பக் கேட்டேன். "அதான் சொல்றனே, கால் கெணறு" என்றார். பக்கத்து வீட்டுக்காரருக்கு அரைக் கிணறு. எதிர்வீட்டில் மாமனார் வழியில் வந்த அரைக்கால் கிணறு.

ஒரு கிணற்றில் நாலு பேருக்குப் பங்கு, பங்குக்குத் தக்கபடி நாள் முறை வைத்து மாடு கட்டி இறைக்கிறார்கள் என்பது புரியவே எனக்கு மத்தியானம் ஆகிவிட்டது. அதற்கப்புறமும் என் காகிதத்தில் ஏக்கருக்குத்தான் கட்டம் இருந்தது, கிணற்றுப் பங்குக்கு இல்லை. ஏக்கர் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"தண்ணி இருந்தாத்தான் சார் அது நெலம். இல்லாங்காட்டி அது சும்மா கெடக்கற எடம். சும்மா கெடக்கறதையா எழுதிக்கினு போவ வந்தீங்க?"

குடும்பம் எத்தனை?

ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். இது எங்கள் மேலதிகாரிகள் கண்டுபிடித்த விதி. கேட்கும்போது சுலபமாகத்தான் இருந்தது. ஒரு கூரை வீட்டில் இரண்டு அடுப்பு புகைந்துகொண்டிருந்தது. ஒன்றில் மாமியார் கேப்பைக் கூழ் கிண்டிக்கொண்டிருந்தார், இன்னொன்றில் மருமகள் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். விதிப்படி இரண்டு குடும்பம் என்று எழுதினேன். எழுதி முடிப்பதற்குள் மாமியார் எழுந்து வந்து, மருமகள் சட்டியிலிருந்து குழம்பை ஊற்றிக்கொண்டு போனார்.

எழுதியதை அடித்துவிட்டு ஒன்று என்று போட்டேன். உடனே உள்ளே ஏதோ சண்டை கிளம்பியது, குழம்புக் கிண்ணம் திரும்பி வந்தது. பேனாவைக் கையில் பிடித்தபடி அசடு வழிய நின்ற என்னைப் பார்த்து மருமகள்தான் இரக்கப்பட்டாள்.

"நீங்க காலையில வந்துட்டீங்க, அதான் பேஜாரு. சாயங்காலம் ஆயிட்டா ஒரு அடுப்புதான். நாளைக்கி எத்தினின்னு அவங்க வாயத்தான் கேக்கணும்."

விளைச்சல் எப்படி?

விளைச்சலைக் கேட்பது, புதுப் பெண்ணிடம் வயசைக் கேட்பது மாதிரி. நில உச்சவரம்பு என்ற பேச்சு வேறு அப்போது ஊர் ஊராக உலாவிக்கொண்டிருந்தது. பேனா மூடியைத் திறந்தாலே ஆட்கள் கொல்லைப் பக்கமாக நழுவினார்கள். வளவனூர் ரோட்டோரமாக மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்டிருந்த ஒருவரை மடக்கிப் பிடித்துப் போன வெள்ளாமை எத்தனை மூட்டை என்று கேட்டேன். அவர் வானத்தைப் பார்த்தார், பூமியைப் பார்த்தார். மோர் வரவழைத்துக் கொடுத்தார். எண்ணிக்கை மட்டும் வாயிலிருந்து வரவே இல்லை.

"நல்லா வெளஞ்சிதுன்னா கண்ணு பட்டுடும், வெளயலன்னா பூமாதேவி கோச்சிக்குவா. நீங்க படிச்சவங்க, நீங்களே பாத்து ஒண்ணு போட்டுக்கினு போங்க."

மாடு எத்தனை?

இவ்வளவு பேருக்கு நடுவில் நேராகப் பதில் சொன்னவர் ஏழுமலை ஒருவர்தான். மாடு எத்தனை என்றதும் "ஒண்ணு" என்றார். கட்டுத்தறியிலும் ஒன்றுதான் நின்றது, வால் நுனி முடி கொட்டிப்போன ஒரு செவலை. ஏர் பூட்ட இரண்டு மாடு வேண்டுமே என்றேன். பக்கத்து வீட்டுப் பங்காளியிடமும் ஒரு மாடுதான். இரண்டையும் சேர்த்துப் பூட்டி, இன்றைக்கு இவர் வயல், நாளைக்கு அவர் வயல் என்று உழுவார்களாம்.

எங்கள் காகிதத்திலோ 'உழவு மாடு எத்தனை ஜோடி' என்று ஒரு கட்டம். ஒன்று என்று போட்டால் பங்காளி வீட்டிலும் ஒன்று வந்துவிடும், இல்லாத இரண்டு மாடுகளைச் சர்க்கார் தேடும். பூஜ்யம் போட்டால் ஊரில் உழவே நடக்கவில்லை என்று ஆகிவிடும். அரை ஜோடி என்று எழுதட்டுமா என்று அவரையே கேட்டேன். அப்போது அவர் மனைவி பச்சையம்மா கழுநீர்ச் சட்டியோடு வெளியே வந்தார். செவலை கயிற்றை இழுத்துக்கொண்டு அந்த அம்மா பக்கம் முகத்தைத் திருப்பியது. மாடு ஒன்று என்று ஓரத்தில் எழுதிக்கொண்டேன். சூப்பர்வைசர் வந்து கேட்டாலும் இதையே சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் என் வேலை போய்விடும் என்று கையைப் பிடித்துச் சொன்னேன்.

"யாரு வந்து கேட்டா இன்னா சார்? ஒண்ணுன்னா ஒண்ணுதான். நான் இன்னா மாத்தியா பேசப்போறேன்?"

மறுபடியும், மாடு எத்தனை?

சூப்பர்வைசர் வந்தார். அத்தனை வீடு இருக்க, நேரே ஏழுமலை வீட்டுக்கே போனார். நல்ல வீடாகத்தான் பிடித்தார் என்று நானும் தைரியமாகப் பின்னால் போனேன். போய்ப் பார்த்தால், கட்டுத்தறியில் கொம்புக்கு வர்ணம் அடித்த நாலு மாடுகள்!

என் காகிதத்தில் இருப்பதோ ஒன்று. வேப்பமரத்தடியில் பாய் விரித்து வெள்ளைச் சட்டைக்காரர்கள் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். தட்டில் வெற்றிலை பாக்கு. ஏழுமலை சலவை வேட்டியில் விறைத்து நின்றார். பிறகுதான் விஷயம் விளங்கியது. அவர் மகன் முருகேசனுக்குத் திண்டிவனம் பக்கத்திலிருந்து பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்திருக்கிறார்கள். ஒற்றை மாட்டு வீடு என்று முன்பே ஒரு சம்பந்தம் தட்டிப்போயிருந்ததால் ஊரே மாடு இரவல் கொடுத்திருக்கிறது. பங்காளி மாடு எனக்கே அடையாளம் தெரிந்தது.

சூப்பர்வைசர் என் காகிதத்தைப் பார்த்தார். கட்டுத்தறியைப் பார்த்தார். ஊருக்கே கேட்கும் குரலில், "மாடு எத்தனைங்க?" என்றார்.

ஏழுமலை என்னைப் பார்த்தார், பாயில் இருந்தவர்களைப் பார்த்தார். ஒன்று என்றால் மகன் கல்யாணம் போச்சு, நாலு என்றால் என் வேலை போச்சு. எனக்கும் எதற்கு வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை. என் வீட்டு உலை ஒரு பக்கம், கதவோரம் நின்ற அந்தப் பையன் முகம் ஒரு பக்கம். "அது வந்து சார்..." என்று ஏழுமலை இழுத்தார்.

பாயிலிருந்து பெண்ணின் அப்பா எழுந்து வந்தார். "ஒண்ணுன்னே எழுதிக்குங்க சார்" என்றார். "வந்ததுலேருந்து பாத்துக்கினுதான் இருக்கேன். அந்தம்மா கழுநீர் எடுத்தாரச்சே செவல ஒண்ணுதான் தலையத் திருப்பிச்சி. மத்த மூணும் அதது ஊட்டப் பாத்துக்கினு நிக்கிது. ஒத்த மாட்ட இவ்ளோ ஆசையா வெச்சிக்கினு இருக்கறவங்க, எம்பொண்ண மட்டும் பட்டினி போட்டுடுவாங்களா?"

பச்சையம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். சூப்பர்வைசருக்கு ஒன்றும் புரிந்ததாகத் தெரியவில்லை. பதில் ஒத்துப்போகிறதா, போகிறது, அவ்வளவுதான் அவருக்கு. சரி என்று குறித்துவிட்டு நடந்தார். நான் சைக்கிளை எடுக்கும்போது பெண்ணின் அப்பா பின்னாலேயே வந்து, சம்பந்தி காதில் விழாமல் மெல்லச் சொன்னார்:

"எங்க ஊருக்கும் நீங்கதான் எழுத வருவீங்களாமே? வாங்க, மோரு குடிங்க. ஆனா இவங்க அங்க வந்திருக்கறச்சே மட்டும், கெணத்துல எனக்கு எவ்ளோ பங்குன்னு கேட்டுடாதீங்க."

வேலையும் நீடித்தது, கல்யாணமும் நடந்தது. ஆனால் அந்த வட்டாரத்தில் யாருக்கு எத்தனை மாடு, எவ்வளவு கிணறு என்று இன்றைக்கு என்னைக் கேட்டாலும், கேட்பவர் சர்க்காரா சம்பந்தியா என்று தெரிந்துகொள்ளாமல் நான் வாயைத் திறப்பதில்லை.