தலைவரின் பேட்டிகளை நான் சீர்செய்த விதம்

இன்று காலை அடுத்த பேட்டிக்காகப் புதுவாயலில் ஒரு தலைவரின் வீட்டில் இருந்தேன். மூன்று முறை ஜெயித்தவர். நான்காவது முறையும் நிற்கப் போகிறார்.

பக்கத்துத் தொழிற்சாலையில் முந்தாநாள் வாயு கசிந்தது. அந்தத் தெருப் பெண் ஒருவர் வந்து கேட்டார்: "புள்ளைங்கள வச்சிக்கினு அங்க இருக்கலாமா தலைவரே? இல்ல, அம்மா ஊட்டுக்குப் போயிடட்டா?"

"கலெக்டர்கிட்ட பேசிட்டேம்மா. சரி பண்ணிட்டாங்க. தைரியமா ஊட்டுக்குப் போ."

அவர் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார். தலைவர் என் பக்கம் திரும்பினார்.

"அந்தம்மா இன்னாத்துக்கு வந்துச்சு?"

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

வெளியே உதவியாளரிடம், "கலெக்டரிடம் பேசினாரா?" என்றேன்.

"எங்க சார்! ரெண்டு வருஷமா இப்படித்தான். மறதிக்கு மாத்திரை ஓடிக்கினு இருக்குது. பேட்டி எடுக்குறவரு, உங்களுக்குத் தெரியாதா?"

தெரிந்திருக்க வேண்டும். அவர் திரும்பத் திரும்பச் சொல்வதை வெட்டுவேன். மறந்த பெயர்களை நானே நிரப்புவேன். பத்திரிகையில் எல்லோருக்கும் செய்வதுதான்.

பேருந்து நிறுத்தத்துக்கு ஓடி அந்தப் பெண்ணைப் பிடித்தேன். "அவர் யாரிடமும் பேசவில்லை. அவருக்கு நினைவு சரியில்லை. வீட்டுக்குப் போகாதீர்கள்" என்றேன்.

"போ சார். போன வாரம் பேப்பர்ல எவ்ளோ தெளிவா பேசிருக்காரு!" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டார்.

ஆட்சியர் அலுவலகத்துக்கு நானே போன் செய்தேன். விசாரிக்கிறார்களாம்.

அந்தப் பேட்டியைப் படித்து அவருக்கு ஓட்டுப் போட முடிவு செய்தவர்கள் கை தூக்குங்கள். அதில் தெளிவாகப் பேசியது நான்; உங்கள் வேட்பாளரும் நான்தான்.