மகளின் கட்டுரைகளும் என் வாய்ப்பேச்சும்

இந்த ஸ்காட்லாந்தில் என் மகள் ஸ்டெல்லா, காலையில் காப்பித் தம்ளரைத் தொடுவதற்கு முன்னால் கம்ப்யூட்டரைத் திறந்து ஓர் எண்ணைப் பார்க்கிறாள். நேற்றைவிட இரண்டு கூடியிருந்தால் முகம் தெளிகிறது. யாரும் போன் பண்ணவில்லை, வாசலில் வந்து நிற்கவில்லை. எண் மட்டும் ஏறுகிறது. சர்க்கரை நோயாளிகளின் காலில் அறுவை செய்யும் டாக்டர் அவள். செய்ததை ஆராய்ந்து கட்டுரையும் எழுதுகிறாள். வேறொரு தேசத்து டாக்டர் தன் கட்டுரையில், இதை ஸ்டெல்லா இப்படிக் கண்டிருக்கிறார் என்று பெயர் குறித்தால் எண் ஒன்று கூடும். சைட்டேஷன் என்கிறார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு இது விளங்கக் கொஞ்ச நாள் பிடித்தது. எங்கள் ஊர் கோம்பைப் பக்கம் திராட்சைக் குச்சி வாங்கி நட்டவர்கள், கொடி எத்தனை தோட்டம் தாண்டிப் போனாலும், இது இன்னார் தோட்டத்துக் குச்சி என்று சொல்வார்கள் அல்லவா, அதுதான் இது என்று பிடித்துக்கொண்டேன்.

அவள் அப்பாவுக்கும் சர்க்கரை. திராட்சைப் பந்தலுக்கடியில் வெறுங்காலோடு திரிந்த மனிதர். பாதத்தில் கம்பி குத்தியது அவருக்கே தெரியவில்லை. "வலிக்காத புண்ணுக்கு எதுக்குடி ஆஸ்பத்திரி?" என்று என்னைக் கேலி செய்தார். கடைசியில் தேனி ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே காலையே எடுத்தார்கள். ஸ்டெல்லா அப்போது மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த புதிது. கட்டிலருகே நின்று, "ஒரு விரலோட போயிருக்க வேண்டியதும்மா" என்றாள். அழவில்லை. எந்தப் புண்ணுக்கு எவ்வளவு எடுத்தால் போதும், ரத்த ஓட்டத்தை எப்போது சரிசெய்ய வேண்டும் என்று இத்தனை வருடமாக அதையேதான் எழுதிக்கொண்டிருக்கிறாள். காப்பாற்ற முடியாமல் போன கால்களையும் மறைக்காமல் எழுதுவாள்.

சென்ற மாதம் அவளுக்குப் பேராசிரியர் பதவி தருவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் கூட்டம் நெருங்கியிருந்தது. அதற்கு இரண்டு நாள் முன்னால் அவள் துறைத் தலைவி எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். கோழிக் குழம்பை ரசித்துச் சாப்பிட்டுவிட்டு, "உங்கள் மகளின் கட்டுரைகளை உலகமெங்கும் எடுத்துச் சொல்கிறார்கள். பெருமையாக இருக்குமே" என்றார். நம் பக்கத்தில் பிள்ளையை ஒருவர் புகழ்ந்தால் ஆமாம் என்று எந்தத் தாய் சொல்வாள்? கண் பட்டுவிடாதா? தேவாலயத்துக்குப் போகிற குடும்பம்தான், ஆனாலும் அந்தப் பயம் போகவில்லை. எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அவசரமாகத் தாழ்த்திச் சொன்னேன். "நோ, நோ. அதர் பீப்பிள் டூ. ஷீ ஒன்லி ரைட் நேம்." வேலையெல்லாம் மற்றவர்கள் செய்கிறார்கள், இவள் தன் பெயரை மட்டும் எழுதுகிறாள் என்று!

அந்த அம்மாவின் கரண்டி தட்டிலேயே நின்றுவிட்டது. ஸ்டெல்லா ஏதோ சொல்லிச் சிரித்து மழுப்பினாள். அவர் கிளம்பியதும் நாற்காலியில் சாய்ந்துவிட்டாள்.

"ஏம்மா இப்பிடிச் சொன்ன? இங்கன அது களவு மாதிரி. அடுத்தவுக உழைப்புல பேரு போட்டுக்கிட்டேன்னு ஆயிரும். வேலையே போயிரும்."

"நான் என்னடி கண்டேன்? எங்கம்மா என்னிய அப்பிடித்தான் சொன்னாக, நானும் ஒன்னிய அப்பிடித்தான் சொல்லுவேன்."

மறுநாள் விடிந்ததும், அந்த அம்மாவைப் போனில் கூப்பிடச் சொன்னேன். முகம் தெரிகிற போன். "நான் தமிழ்ல சொல்றேன், நீ ஒண்ணு விடாம சொல்லு" என்றேன். அவள் அப்பாவுக்குக் கால் போன கதையைச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமையும் உட்கார்ந்து புண்களின் படங்களைப் பார்த்து அவளே குறித்து எழுதுவதைச் சொன்னேன். என் மகளைப் போல் ஒருத்தி எங்கள் பள்ளத்தாக்கிலேயே பிறந்ததில்லை என்றும் சொன்னேன். அப்பா கதையை இங்கிலீஷில் முழுதாகச் சொன்ன ஸ்டெல்லா, தன்னைப் பற்றிய புகழ்ச்சியை மட்டும் இரண்டு வார்த்தையில் முடித்தாள்.

"ஏத்தா, நான் அம்புட்டு நீளமாச் சொன்னேன், நீ இம்புட்டுக்காணு சொல்ற? கொறைக்காத!"

"என்னியப் பத்தி நானே எப்பிடிம்மா சொல்ல?" காதுவரை சிவந்திருந்தாள்.

அந்த அம்மா விஷயத்தைப் புரிந்துகொண்டு சிரித்துவிட்டார். "அவர் கட்டுரைகள் எல்லாவற்றையும் படித்தவள் நான். யார் வேலை என்று எனக்குத் தெரியும். ஆனால் அப்பாவைப் பற்றி ஒரு நாளும் சொன்னதில்லை. விண்ணப்பத்திலும் உங்களைப் போலத்தான், எல்லாவற்றையும் தாழ்த்தி எழுதியிருக்கிறார்" என்றார். அதை மொழிபெயர்க்கும்போதுதான் ஸ்டெல்லாவின் குரல் உடைந்தது.

அடுத்த வாரம் பதவிக் கடிதம் வந்தது. எனக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் முன்னால் வந்தது. அத்தனை புகழையும் என் வாயாலேயே சொல்லியிருக்கிறேனே! வேலைக்குக் கிளம்பியவளை நிறுத்தி, ஒரு கை கல்லுப்பை மூன்று சுற்றுச் சுற்றி, வெளியே போய் நடைபாதையில் வீசினேன். பனி உறைந்து வழுவழுவென்று கிடந்தது. தடியூன்றி வந்துகொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெரியவர் நின்று உப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இங்கே பனி இளக நடைபாதையில் உப்புத் தூவுவார்கள்; வழுக்காமல் இருக்கப் போட்டேன் என்று நினைத்திருப்பார். தொப்பியைத் தொட்டு "தேங்க்யூ" என்றார். நானும் தலையாட்டினேன். என் மகளைச் சுற்றிய உப்பு அவர் காலடியில் பனியை இளக்கிக்கொண்டிருந்தது.