ஓட்டைக் கூடாரம்

"பொட்டப்புள்ள கூடாரத்துக்கு வெல பேசப் போறியாக்கும்? முப்பது ரூபாய்க்கு நீ ரெண்டு கூடாரம் வாங்கிட்டு வந்தா, என் துண்ட எடுத்து உன் கையில குடுத்துர்றேன்த்தா."

சித்தப்பா சொன்னது சாதாரணப் பேச்சில்லை. அவர் மாட்டுத் தரகர். துண்டில்லாத தரகருக்குச் சந்தையில் வேலையில்லை. அந்தத் துண்டுக்கடியில்தான் விற்பவரும் வாங்குபவரும் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். சுற்றி நிற்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அப்போது ஒரு பெண்கள் பள்ளியில் டீச்சராகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பதினெட்டுப் பிள்ளைகளை அழகர்மலை அடிவாரத்தில் மூன்று நாள் முகாமுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்பது என் யோசனை. தலைமையாசிரியை முப்பது ரூபாய் கொடுத்து, "இதுக்குள்ள ரெண்டு கூடாரம் கிடைச்சா முகாம். இல்லேன்னா பேச்சே எடுக்காதே" என்று சொல்லிவிட்டார். பிள்ளைகளோ அதற்குள் வீட்டில் போர்வை கேட்டு அழ ஆரம்பித்திருந்தார்கள்.

உலகச் சண்டை முடிந்து, பட்டாளத்துச் சாமான்கள் மலிவாக வந்துகொண்டிருந்த சமயம். வைகை மணலில் ஒரு வியாபாரி தண்ணீர்க்குப்பி, கம்பளி, லாந்தர் எல்லாம் பரப்பி, கூடாரங்களை மடித்து அடுக்கி, மூன்றை அடித்தும் வைத்திருந்தார். தோளில் கிடந்த துண்டைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது, ஆள் மாட்டுச் சந்தையிலிருந்து வந்தவர் என்று.

"கூடாரம் என்ன வெலண்ணே?"

"ஒண்ணு முப்பது ரூவா, டீச்சரம்மா."

அதே நேரம் மேலூர்க்காரர் ஒருவர் வந்து கூடாரத்தைத் தட்டிப் பார்த்தார். வியாபாரி அவரிடம் வாயே திறக்கவில்லை. துண்டை எடுத்துக் கையில் போட்டுக்கொண்டார்.

"எனக்கு மட்டும் வாயில வெலையா?" என்றேன்.

"பொம்பளப்புள்ள கையப் புடிச்சா பேச முடியும்?" என்று சிரித்தார்.

"சரி, ஓட்டை இருக்கான்னு பாத்துக்கிறேன்" என்று பக்கத்துக் கூடாரத்துக்குள் நுழைந்து மணலில் உட்கார்ந்தேன். ஓட்டை இருந்தது. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், எலி கடித்தது. குனிந்து அதில் கண்ணை வைத்தேன். நேர் மேலே துண்டு, துண்டுக்கடியில் இரண்டு கைகள்!

நிற்கிற ஆண்களின் கண்ணுக்குத்தான் துண்டு மறைப்பு. கீழே இருந்து ஒருவர் பார்ப்பார் என்று எந்தத் தரகரும் நினைத்ததில்லை. முதலில் ஒரு விரல், அது பத்து. அடுத்துப் பிடித்தது நாலு விரல். மேலூர்க்காரர் தலையாட்டினார். பதினாலு.

சேலையில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

"அண்ணே, அவருக்குப் பதினாலு. எனக்கும் அதே வெல. இந்த ஓட்டைக் கூடாரத்துக்குப் பன்னெண்டு."

வியாபாரி மேலூர்க்காரரை முறைத்தார். "யோவ், வெளிய சொல்லிப்புட்டீரா?"

"அழகர் சத்தியமா நான் வாயே தெறக்கலய்யா!"

இருவரும் சண்டை போட்டுக்கொண்டிருக்கையில் இருபத்தாறு ரூபாயை எண்ணி நீட்டினேன். மேலூர்க்காரர் எதிரில் இனி வேறு விலை சொல்ல முடியாமல் வியாபாரி வாங்கிக்கொண்டார். "இன்னும் ரெண்டு ரூவா போட்டு ஓட்டை இல்லாததா ரெண்டு எடுத்துக்கிடுங்களேன்" என்றார். மாட்டேன் என்றேன். அந்த ஓட்டையை இன்னொருவர் கண்ணுக்கு விட்டுவைக்க எனக்கு மனசில்லை.

வீட்டில் சித்தப்பா கூடாரங்களை இரண்டு முறை சுற்றி வந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"இந்தக் கள்ளத்தனத்தை எவன்த்தா சொல்லிக்குடுத்தான்?"

"நீங்கதான். சின்னதுல திருமங்கலம் சந்தைக்குக் கூட்டிட்டுப் போயி, வெல பேசையில என்னைக் கீழ ஒக்கார வச்சது யாரு?"

சித்தப்பா வாய்விட்டுச் சிரித்தார். அப்புறம் சட்டென்று சிரிப்பை நிறுத்திக்கொண்டார். இத்தனை வருஷம் தன் துண்டுக்கடியில் எத்தனை பேர் பார்த்தார்களோ என்ற கவலை வந்திருக்க வேண்டும். ஆனாலும் சொன்ன சொல் தவறாமல் துண்டை நீட்டினார்.

அதில் ஒரு மூலையை வெட்டி, எலி கடித்த இடத்தில் ஒட்டுப் போட்டுத் தைத்தேன். மீதியை மடித்து என் பையில் வைத்துக்கொண்டேன். சனிக்கிழமை லாந்தர் விலை பேச வருவதாக வியாபாரியிடம் அன்றைக்கே சொல்லிவிட்டு வந்திருந்தேன்.