லார்ச்டனுக்குப் போகாத டாக்டர்

டாக்டர் ரோஜினா மஹர்ஜன் எதற்கும் மறுப்புச் சொல்லாதவள் என்று, தான் பயிற்சி டாக்டராக இருந்த அமெரிக்க மருத்துவமனையில் பெயர் வாங்கியிருந்தாள். கிறிஸ்துமஸ் டியூட்டி யாருக்கும் வேண்டாமென்றால் அவள் பெயரைப் போட்டுவிடுவார்கள், போட்டபிறகுதான் அவளிடம் சொல்வார்கள். அவளோடு பயிற்சியில் இருந்த அமெரிக்கப் பிள்ளைகள் தலைமை டாக்டரிடம் முகத்துக்கு நேராகச் சண்டை போடும்போது இவள் தலையைக் குனிந்து ஏதோ காகிதத்தைப் புரட்டுவாள். ஒவ்வொரு வருடமும் இவள் விசா நீள்வதற்கு அதே தலைமை டாக்டரின் கையெழுத்து வேண்டும். அவர்களுக்கு வேலை போனால் வேலையோடு போயிற்று. இவளுக்கு வேலை போனால் நாடும் போகும்.

அவள் கணவன் பிகேஷ் மின்னசோட்டாவில் இன்னொரு மருத்துவமனையில் பயிற்சி டாக்டர். இருவரும் காத்மாண்டுவில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். வேலை விசாவுக்குத் தேவையான கடைசிப் பரீட்சையை அமெரிக்காவுக்கு வந்துதான் எழுத முடியும். இரண்டு பேருக்கு விமானச் சீட்டு கட்டுப்படியாகாததால் அவன் மட்டும் வந்து எழுதினான். அதனால் அவனுக்கு வேலை விசா கிடைத்தது. அவளுக்குக் கிடைத்தது பயிற்சிக்கென்றே கொடுக்கும் வேறொரு விசா. பயிற்சி முடிந்ததும் இரண்டு வருடம் சொந்த நாட்டில் போய் இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. இந்த டாக்டர் எங்களுக்குத் தேவை என்று நேபாள சுகாதார அமைச்சகம் எழுதிக் கொடுத்தது. திரும்பி வருவேன் என்று அவளும் கையெழுத்துப் போட்டாள். பிகேஷுக்கு கிரீன் கார்டே கிடைத்தாலும், அந்த நிபந்தனை நீங்காதவரை அவன் மனைவி என்ற முறையில் அவளுக்குக் கிடைக்காது.

நீங்குவதற்கு ஒரு வழி இருந்தது. டாக்டர் கிடைக்காத ஊர் ஒன்றில் மூன்று வருடம் வேலை செய்ய வேண்டும். ஆனால் ஒரு மாநிலத்துக்கு வருடத்துக்கு முப்பது டாக்டர்களுக்குத்தான் அந்தச் சலுகை.

பயிற்சியின் மூன்றாவது, கடைசி வருடம் தொடங்கிய கோடையில் ரோஜினா அப்படியொரு ஊரைக் கண்டுபிடித்தாள். மிச்சிகனின் வடகோடியில் ஏரிக்கரையோரம் லார்ச்டன். மரம் அறுக்கும் ஆலை ஒன்று, பள்ளிக்கூடம் ஒன்று, இருபது படுக்கை உள்ள சின்ன ஆஸ்பத்திரி ஒன்று. அங்கிருந்து அரைமணி நேரத் தூரத்தில் சற்றுப் பெரிய ஊரில் பிகேஷுக்கும் வேலை தரத் தயாராக இருந்தார்கள். இரண்டு ஊருக்கும் நடுவில் வாடகைக்கு வீடு இருக்கிறதா என்று இருவரும் போனில் தேடினார்கள். கல்யாணமானதிலிருந்து அவர்கள் ஒரே வீட்டில் சேர்ந்தாற்போல ஒரு மாதம் இருந்ததில்லை.

லார்ச்டனுக்கு நேர்காணலுக்குப் போனபோது, வழக்கப்படி ஊர்ப் பெரியவர்களோடு இரவுச் சாப்பாடு. பொரித்த வெள்ளை மீன், உருளைக்கிழங்கு, செர்ரிப் பழ இனிப்பு. ஆஸ்பத்திரி நிர்வாகி டார்லா வெண்ட்லண்ட் ஓயாமல் பேசினாள். ரோஜினாவுக்கு எதிரே உட்கார்ந்திருந்த ராய் ஹெக்மன் ஆஸ்பத்திரிக் குழுவில் உறுப்பினர், கறவை மாட்டுப் பண்ணைக்காரர். அதிகம் பேசாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், இனிப்பு வந்ததும் நிமிர்ந்தார்.

"ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதம்மா. உங்க ஊர்ல டாக்டர் வேண்டாமா?"

டார்லாவின் கரண்டி பாதியில் நின்றது. சின்ன ஊர் எனக்கு ரொம்பப் பிடிக்கும் என்று சொல்வதற்குத்தான் ரோஜினா தயாரித்துக்கொண்டு வந்திருந்தாள். அது அப்போது வாயில் வரவில்லை.

"வேணும். அங்க வேணும்னு எங்க அரசாங்கம் எழுதியிருக்கு. இங்க வேணும்னு நீங்க எழுதப் போறீங்க. ரெண்டும் உண்மைதான்."

"அப்ப நாங்க திருடறோம்னு சொல்லு."

"நானும்தானே கூட ஓடி வரேன்."

ராய் வாய்விட்டுச் சிரித்தார். தன் மனைவியை டாக்டரிடம் காட்ட ஒவ்வொரு முறையும் இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டிப் போவதாகவும், போன பனிக்காலத்தில் பாதி வழியில் சாலையை மூடிவிட்டதாகவும் சொன்னார். கிளம்பும்போது வெளியே வந்து அவள் காரின் டயர்களைக் காலால் உதைத்துப் பார்த்து, இந்த டயரோடு இங்கே பனியில் ஓட்ட முடியாது, வேறு மாற்று என்றார். வேலை கிடைத்துவிட்டது என்று அவளுக்கு அப்போதே தெரிந்தது.

ஒப்பந்தம் செப்டம்பரில் வந்தது. ரோஜினா தன் மருத்துவமனைக் கேண்டீனில் உட்கார்ந்து வரி விடாமல் படித்தாள். கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கத்தில் ஒரு வரி இருந்தது: வேலையை விட்டால் இரண்டு வருடத்துக்குச் சுற்றுவட்டாரத்தில் ஐம்பது மைலுக்குள் வேறெங்கும் மருத்துவம் பார்க்கக் கூடாது.

இந்தச் சலுகைக்கான ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி இருக்கக் கூடாது என்பது விதி. நேபாளி டாக்டர்களின் வாட்ஸ்அப் குழுவில் இதை யாராவது வாரம் ஒருமுறை எழுதுவார்கள். ரோஜினாவே புதிதாக வந்த ஒருத்திக்கு இதைச் சொல்லியிருக்கிறாள்.

டார்லாவுக்கு எழுத உட்கார்ந்தாள். எழுதியதை அழித்தாள். கையெழுத்துப் போடும் முன்பே குறை சொல்கிறாள், நாளைக்கு என்னென்ன கேட்பாளோ என்று நினைத்துவிட்டால்? இதேபோல நூறு பேர் அந்த இடத்துக்குக் காத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு வக்கீல் இருக்கிறார், வக்கீலுக்குத் தெரியாததா எனக்குத் தெரிந்துவிட்டது? பிகேஷ் போனில் "எல்லாம் சரியா இருக்கா?" என்று கேட்டபோது சரியாக இருக்கிறது என்றாள். கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். அவளை நம்பி பிகேஷும் அடுத்த வாரமே தன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டான்.

அக்டோபரில் சலுகைக்கான விண்ணப்பம் மாநில அரசுக்குப் போயிற்று. நவம்பர் நடுவில் திரும்பி வந்தது. அந்த ஒரு வரியைச் சுட்டிக்காட்டி, திருத்தி அனுப்பலாம் என்று எழுதியிருந்தார்கள். டார்லா அன்றைக்கே திருத்தி அனுப்பினாள். ஆனால் அதற்குள் மாநிலத்தின் முப்பது இடங்களும் தீர்ந்திருந்தன.

டார்லா போனில் அழுதாள். முன்பு அங்கே வேலை பார்த்த அமெரிக்க டாக்டரின் ஒப்பந்தத்தை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றியிருந்தாளாம். வக்கீல் என்று ஒருவர் அதைப் பார்க்கவே இல்லை. ஐம்பது மைலைப் பற்றி அங்கே யாருக்கும் எந்தக் கவலையும் இருந்ததில்லை.

அன்று மாலை ராயும் கூப்பிட்டார்.

"நீ அதைப் படிச்சியாம்மா?"

"படிச்சேன்."

"தப்புன்னு தெரியுமா?"

போனில் மாடு கத்துவது கேட்டது.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே பேனாவால அடிச்சு விட்டிருப்பேனே," என்றார் ராய். அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவளுக்குத் தாங்கிக்கொள்ள எளிதாக இருந்திருக்கும்.

ரோஜினாவின் மருத்துவமனையில் இதய நோய்ப் பிரிவில் இருந்த மூத்த நேபாளி டாக்டர் சந்தேஷ் கார்கி, இந்த வழியிலெல்லாம் முட்டி மோதி வந்தவன். விஷயத்தைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டான்.

"ஏன்டீ, ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கறே, உன் காகிதத்துல வந்தா மட்டும் வாயை வாடகைக்கு விட்டுட்டியா?"

"பயந்துட்டேன் அண்ணா. வேணாம்னு சொல்லிடுவாங்களோன்னு."

"டாக்டர் இல்லாம நாலு வருஷமா கிடக்கற ஊரு, உன்னை வேணாம்னு சொல்லுமா?"

திட்டி முடித்துவிட்டு அவனே உட்கார்ந்து வழி தேடினான். புது இடங்கள் திறக்கும் அடுத்த அக்டோபர் வரை லார்ச்டன் காத்திருக்கும், ஆனால் ஜூனில் பயிற்சி முடிந்ததும் அவள் விசா காத்திருக்காது. அதற்குள் ஏதும் அமையாவிட்டால் விமானம் ஏற வேண்டியதுதான், இரண்டு வருடம் காத்மாண்டு. முப்பது என்ற கணக்கில் வராத தனிச் சலுகை ஒன்று மலை மாவட்டங்களுக்கு இருந்தது. கென்டக்கி மலைப்பக்கத்தில் சுரங்கம் மூடிப்போன ஒரு ஊரில் டாக்டர் தேடினார்கள். மிச்சிகன் வடகோடியிலிருந்து அது ஒரு முழுப் பகலுக்கு மேல் கார்ப்பயணம்.

பிகேஷிடம் அன்றுதான் போனில் உண்மையைச் சொன்னாள், அந்த வரியைப் படித்துவிட்டே கையெழுத்துப் போட்டதை. அவன் அறையில் பருப்பு தாளிக்கும் சத்தம் நின்றுபோனது, அடுப்பை அணைத்திருப்பான்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல, ரோஜி? நான் என்ன உன் தலைமை டாக்டரா?"

பிறகு அவனே இறங்கி வந்தான். மிச்சிகன் வேலையை விட்டுவிட்டுக் கென்டக்கிக்கு வந்துவிடுகிறேன் என்றான்.

"விட்டா உன் விசா என்ன ஆகும்?"

"வேற யாராவது வேலைக்கு எடுப்பாங்க."

"எடுக்கலன்னா? கிரீன் கார்டுக்கும் அவங்கதானே எழுதித் தரதா சொல்லியிருக்காங்க. நீ அங்கயே இரு."

"மூணு வருஷம் ரோஜி."

"எண்ணத் தெரியும் எனக்கு."

அவள் அவனிடம் அப்படி வெடுக்கென்று பேசியது அதுவே முதல் தடவை. இருவரும் அதைக் கவனித்தார்கள். அவன் மறுத்துப் பேசவில்லை. பேசுவான் என்று அவள் சற்று நேரம் போனைக் காதிலேயே வைத்திருந்தாள்.

கென்டக்கி ஊரின் நிர்வாகி ஒரு வயதான பெண். நேர்காணல் போனிலேயே நடந்தது. மலைச்சாலையில் ஓட்டத் தெரியுமா, பனி பழக்கமா என்று கேட்டாள். நேபாளம் என்றதும் சிரித்து, அப்படியானால் எங்கள் மேட்டையெல்லாம் மலை என்று சொல்ல வெட்கமாக இருக்கும் என்றாள். நோயாளிகளில் பாதிப் பேருக்கு நுரையீரலில் நிலக்கரித் தூசு, கோபக்காரர்கள், ஆனால் நல்லவர்கள் என்றாள். எப்போது வர முடியும் என்று கேட்டாள். ரோஜினா ஜூலை என்றாள்.

"ஆஸ்பத்திரி பக்கத்துலயே வீடு தருவோம். சின்னதும் இருக்கு, குடும்பத்தோட இருக்கற மாதிரி பெருசும் இருக்கு. உங்களுக்கு எது பாக்கட்டும்?"

வார்டில் யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். ரோஜினா போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"சின்னதே போதும்," என்றாள். "நான் மட்டும்தான்."