லேய் என்றால் யார்

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிறவள், நாற்பதைத் தாண்டியபின் பல்கலைக்கழகத்தில் இத்தாலியன் படிக்கப் போகிறாள் என்றால் பார்க்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? "ஃபிரேமெல்லாம் அங்கருந்துதானே வருது, நேரா பேசி விலையைக் குறைச்சுக் குடுங்க" என்று கடை முதலாளி கேலி பண்ணினார். அவளும் சிரித்து வைத்தாள். காரணத்தை அவரிடம் சொல்வானேன்?

அந்த ஃபிரேம் டப்பாக்களுக்குள் மடித்த காகிதம் ஒன்று இருக்கும். எப்படித் துடைப்பது, எங்கே வைப்பது என்று இத்தாலியனில் அச்சடித்திருக்கும். அவளுடைய தங்கை கடைக்கு வரும்போதெல்லாம் அதைப் பிரித்து, ஒரு எழுத்துக்கும் அர்த்தம் தெரியாமல், கையை ஆட்டி ஆட்டி ராகம் போட்டுப் படிப்பாள். வாடிக்கையாளர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். "இதை ஒருநாள் நெசமாவே படிக்கப் போறேன் பாருக்கா" என்பாள். வாயாடி என்றுதான் வீட்டில் அவளுக்குப் பெயர். அக்கா வீட்டுப் பின்னறையில் தங்கி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள். ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை. பின்னறையைப் பூட்டினார்கள். வேலை பார்க்கிறவர்களுக்கு மாலை வகுப்பு என்று பல்கலைக்கழகம் அறிவித்ததும் அக்கா போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் ஆசைப்பட்டதை நாமாவது படிப்போம், அவ்வளவுதான் நினைப்பு.

பேராசிரியை நல்ல மனுஷி. ஒருநாள் பழைய தேவாலயக் கூரைகளின் படம் காட்டுவார், ஒருநாள் கவிதை வாசிப்பார். உறவுச் சொற்கள் வந்த அன்றைக்கு மட்டும் இவளால் வாயை அடக்க முடியவில்லை. கூடப் பிறந்தவளுக்கு அந்த மொழியில் 'சொரெல்லா' என்று ஒரே சொல்தானாம்.

"அக்காவா தங்கச்சியான்னே தெரியாம எப்படி மேடம் குடும்பம் நடத்துறாங்க?"

வகுப்பே சிரித்தது. "வேணும்னா 'மஜ்ஜோரே'ன்னு சேத்துக்கங்க, மூத்தவங்கன்னு அர்த்தம்" என்றார் பேராசிரியை.

வினை வந்தது மொழி லேபில்தான். தடுப்புத் தடுப்பாக மேஜை, ஆளுக்கொரு ஹெட்ஃபோன். காதில் ஓர் ஆண்குரல் கேள்வி கேட்கும், கொஞ்சம் இடைவெளி விடும், அதற்குள் பதில் சொல்ல வேண்டும். பதில் பதிவாகிவிடும். பேராசிரியை பிறகு கேட்டுப் பார்ப்பார்.

'லேய்' என்றால் 'அவள்' என்று முதல் வாரமே படித்திருந்தாள். அதே 'லேய்'க்கு 'நீங்கள்' என்றும் அர்த்தம் உண்டு. மரியாதைக்குரியவரிடம் முகத்துக்கு நேரே பேசும்போது அப்படித்தான் சொல்ல வேண்டும். நாம் மரியாதைக்காக ஒருத்தரைப் பலராக்குகிறோம், அவர்கள் எதிரில் இருப்பவரையே 'அவள்' ஆக்குகிறார்கள். அந்தப் பாடம் நடந்த அன்றைக்கு இவள் கடையில் சரக்கு எண்ணிக்கொண்டிருந்தாள். போதாதா?

"லேய் தோவே ஆபிதா?" என்றது காதுக்குள் குரல். நீங்கள் எங்கே வசிக்கிறீர்கள் என்று மற்றவர்களுக்கெல்லாம் புரிந்தது. அவள் எங்கே வசிக்கிறாள் என்று இவளுக்குப் புரிந்தது. எவள்? யாரையாவது நினைத்துக்கொண்டு பதில் சொல்ல வேண்டும் போல என்று தங்கையை நினைத்துக்கொண்டாள். இறந்தகாலம் இன்னும் நடத்தவில்லை. கையில் இருந்தது நிகழ்காலம் மட்டும். அதை வைத்துக்கொண்டு, எங்கள் வீட்டுப் பின்னறையில் வசிக்கிறாள் என்றாள். பால் குடிப்பதில்லை. தினமும் தலைக்குக் குளிக்கிறாள். ஜன்னலோரம் நின்று தலை வாருகிறாள். சொல்லச் சொல்ல மனசு லேசானது. அத்தனை நாளும் 'இருந்தாள், சிரித்தாள், போனாள்' என்றே பேசிப் பேசி நாக்கு கசந்துபோயிருந்தவளுக்கு, 'இருக்கிறாள்' என்று சொல்ல ஓர் இடம் கிடைத்தது.

பஸ் ஓட்டுகிற வீட்டுக்காரர்தான் முதலில் கேட்டார்.

"ஏம்மா, பின்ரூமைத் திறந்தியா? ஜன்னல் வழியாப் பாத்தேன், கொடியில துண்டு ஈரமா கெடக்கு."

"இல்லையே."

போய்ப் பார்த்தாள். பூட்டு பூட்டினபடி இருந்தது. திறந்தால் கொடியில் துண்டு, தண்ணீர் சொட்டிக்கொண்டு. ஜன்னல் ஓரமாகச் சீப்பு. அதில் நீளமாக இரண்டு முடி. இவள் முடி தோளோடு சரி. பயந்தாளா என்றால், பயந்தாள். ஆனால் துண்டைப் பிழிந்து அதே கொடியில் திரும்பப் போட்டுவிட்டுத்தான் வெளியே வந்தாள்.

அடுத்த வாரம் பேராசிரியை கூப்பிட்டு உட்கார வைத்து, ஆரம்பப் பதிவுகளைப் போட்டுக் காட்டினார்.

"இங்க பாருங்க. உங்களைத்தான் கேக்குறாங்க, நீங்க 'ஆபிதா'ன்னு, வசிக்கிறாள்னு பதில் சொல்றீங்க. 'ஆபிதோ'ன்னு, வசிக்கிறேன்னு சொல்லணும்."

இவளுக்கு வெட்கமாகப் போயிற்று. அத்தனை நாளும் என்னையா கேட்டார்கள்?

"ஆனா பரவாயில்ல, பின்னாடி நீங்களே திருத்திக்கிட்டீங்க" என்று அடுத்த பதிவைப் போட்டார். ஆபிதோ, என்றது ஒரு குரல். பின்னறையில் வசிக்கிறேன். பால் குடிப்பதில்லை. கொஞ்சம் ராகம் போட்ட, இழுத்து இழுத்துப் பேசுகிற குரல்.

"உச்சரிப்பு பிரமாதம். ஜலதோஷமா அன்னிக்கு? குரல் சின்னப் பொண்ணு மாதிரி இருக்கு."

ஒரு தடவைகூட அவள் 'ஆபிதோ' சொன்னதில்லை. ஆமாம் மேடம், ஜலதோஷம்தான் என்றாள்.

அதற்கப்புறம் அவளைப் பிடிக்க முடியுமா? கடையை விட்டால் லேப். வேண்டுமென்றே தப்பாகவே பதில் சொன்னாள். பசிக்கிறது அவளுக்கு. பாடுகிறாள். அக்காவைப் பிடிக்கும் அவளுக்கு. வீட்டில் பின்னறையிலிருந்து, பொழுது சாயும் நேரத்தில், காகிதம் பிரிக்கிற சத்தமும் மெல்லிய சிரிப்பும் கேட்க ஆரம்பித்தன. வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தட்டோடு வாசல் பக்கம் போய் உட்கார்ந்துகொள்வார்.

"நீ படி, வேணாங்கல. எனக்கும் அவமேல பாசம் உண்டு. ஆனா எனக்கு இங்க கால் வைக்கவே முடியல. நீயும் எளைச்சுக்கிட்டே போற. கண்ணாடில பாத்தியா?"

பார்த்திருந்தாள். பார்த்தும் என்ன செய்ய?

இறந்தகாலம் நடத்திய வாரம் முழுக்கத் தலைவலி என்று வகுப்புக்குப் போகவில்லை. ஆனால் தேர்வுக்குத் தப்ப முடியாது. வாய்மொழித் தேர்வில் இறந்தகாலத்தில் பேசாவிட்டால் தேர்ச்சி இல்லை. தேர்ச்சி இல்லாவிட்டால் இடம் போச்சு, லேப் போச்சு. பேசினாலோ, எந்த வாயால் அவளை இருக்கிறாள் என்றாளோ அதே வாயால் இருந்தாள் என்று சொல்ல வேண்டும். சொன்னால் போய்விடுவாள் என்று அவளுக்கு உறுதியாகத் தெரியும். ஒருதடவை பறிகொடுத்தது போதாதா, நானே வேறு அனுப்ப வேண்டுமா என்று பஸ்ஸில் யாரும் பார்க்காமல் அழுதுகொண்டே தேர்வுக்குப் போனாள்.

முன்மேஜையில் பேராசிரியை ஹெட்ஃபோனோடு உட்கார்ந்திருந்தார். இவள் தன் தடுப்புக்குள் உட்கார்ந்தாள். சுலபமான கேள்விகள் முடிந்து, குடும்பத்தைப் பற்றி வந்தது. அந்த ஆண்குரல், எப்போதும்போல் நிதானமாக, முன்பு உங்களுக்குச் சகோதரி இருந்தாளா என்று கேட்டது. கேள்வியே இறந்தகாலத்தில் இருந்தது.

சொல்ல மாட்டேன் என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். படிப்பு போனால் போகட்டும். இடைவெளி ஓடிக்கொண்டிருந்தது.

அப்போது அவள் காதுக்குள், ராகம் போட்டு, ஆனால் இந்தத் தடவை கேலியில்லாமல், தங்கையின் குரல் சொன்னது.

"அவேவோ ஊனா சொரெல்லா. மஜ்ஜோரே."

எனக்கு ஓர் அக்கா இருந்தாள்.

முன்மேஜையில் பேராசிரியை நிமிர்ந்து இவளைப் பார்த்துத் தலையாட்டினார். மதிப்பெண் எழுதுவது தெரிந்தது. வெளியே வந்ததும், "ரொம்ப சரியா வந்துது, நீங்க பாஸ்" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். "'மஜ்ஜோரே'ன்னு ஒரு சொல் மட்டும் தப்பு. சேரும்போது தங்கச்சின்னுதானே சொன்னீங்க? நீங்கதானே மூத்தவங்க?"

வீட்டுக்கு வந்தபோது வீட்டுக்காரர் உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "இன்னிக்குச் சத்தமே இல்லம்மா" என்றார். அவள் நேரே பின்னறைக்குப் போனாள். துண்டு காய்ந்து விறைத்திருந்தது. சீப்பில் ஒன்றும் இல்லை. கட்டிலில் உட்கார்ந்தாள். அந்தப் பக்கத்தில் தங்கை இத்தனை நாள் அக்கா செத்துவிட்டாள் என்று அழுதுகொண்டிருந்தாளா? அவளுக்குப் படித்த மொழியெல்லாம் மறந்துபோயிற்று.

"அக்கா இருக்கேன்டி" என்றாள். "இங்கதான் இருக்கேன்."

கொஞ்ச நேரம் இடைவெளி விட்டுக் காத்திருந்தாள். பதில் வரவில்லை.