பாலைவனம் தெரிந்தவன் போட்ட மணல்

மகளுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்தது. விடுதியில் வளர்க்க விடமாட்டார்கள் என்று, ஆசையாக வாங்கிய தாடி ஓணான் குஞ்சை அறந்தாங்கியில் எங்களிடம் விட்டுப் போனாள். ஆஸ்திரேலியப் பாலைவனத்து வகை. ஒரு சாண்கூட இருக்காது, ஆனால் கோபம் வந்தால் தொண்டையைத் தாடிபோல உப்பவைத்துக் காட்டும்.

“வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டு, குத்துது கொடையுதுன்னு நிக்கப் போறீங்க” என்றாள் என் மனைவி. அடுப்படிப் பக்கம் அது வரக்கூடாது என்றும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

வளர்ப்பு என் பொறுப்பானது. கண்ணாடிப் பெட்டிக்கு மேலே சூட்டுக்கு ஒரு பல்பு. காலையில் முருங்கைக் கீரையைப் பொடியாக நறுக்கிப் போடுவேன், பிறகு உயிருள்ள சின்னப் பூச்சிகள். பெட்டிக்குள் பேப்பர்தான் விரிக்க வேண்டும் என்று மகள் எழுதியே ஒட்டியிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. பதினான்கு வருடம் குவைத்தில் வண்டி ஓட்டியவன் நான். பாலைவனத்துப் பிராணிக்குப் பேப்பரா? வீடு கட்டி மிஞ்சிய ஆற்று மணலைச் சலித்துக் கழுவி, மொட்டை மாடியில் காயவைத்து, இரண்டு விரல் உயரத்துக்குப் பெட்டியில் கொட்டினேன். குஞ்சு அதில் ஓடி ஓடிப் பூச்சி பிடித்ததைப் பார்த்து எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு வாரத்தில் அது சாப்பிடுவதை நிறுத்தியது. வெளிக்கும் போகவில்லை. வயிறு கல்லாக இருந்தது, பின்னங்கால்களை இழுத்து இழுத்து நடந்தது. செருப்பு டப்பாவில் வைத்துப் புதுக்கோட்டைக்கு பஸ் ஏறினேன். அங்கே ஆடு மாடு பார்க்கும் டாக்டர், “இதை நான் பாத்ததில்லைங்க” என்று ஒளிக்காமல் சொன்னார். கூடப் படித்த யாருக்கோ போன் போட்டு விசாரித்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

“பூச்சியோட மணலையும் முழுங்கியிருக்கு. வெதுவெதுன்னு தண்ணியில வச்சு வயித்தை மெல்லக் கீழ பாத்து நீவி விடுங்க. நாளைக்குள்ள போகலேன்னா கஷ்டங்க.”

வீட்டுக்கு வந்து பேசினில் தண்ணீர் ஊற்றினேன். குஞ்சை இறுக்கிப் பிடித்தேன், அது வழுக்கியது. மகளுக்கு என்ன பதில் சொல்வேன் என்பதே மனதில் ஓடியது. வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மனைவி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள்.

“இங்கிட்டுக் குடுங்க. ஸ்டீயரிங்கைப் புடிக்கிற மாதிரியா புடிக்கிறது?”

அதுவரை அதைத் தொட்டதே இல்லை அவள். முழங்கையை விட்டுத் தண்ணீரின் சூட்டைப் பார்த்தாள். குஞ்சின் நெஞ்சை இடது உள்ளங்கையில் தாங்கி, வலது கட்டைவிரலால் வயிற்றை நீவினாள். “வெத்தலைக் காம்புல வெளக்கெண்ணெ தொட்டு வைக்கவான்னு அந்த டாக்டரைக் கேளுங்க” என்றாள். கேட்டேன். போனில் டாக்டர் சிரித்துவிட்டு வேண்டாம் என்றார். அவளுக்கு அதில் வருத்தம்தான்.

அன்றைக்கு நான்கு தடவை நீவினாள். மறுநாள் விடிந்ததும் மறுபடி. “முக்கு தங்கம், முக்கு” என்று அதன் காதோரம் சொல்லிக்கொண்டே இருந்தாள். பத்து மணி வாக்கில் பேசின் தண்ணீரில் மணலும் மலமுமாக வந்து விழுந்தது.

“போயிருச்சுங்க!” என்று தெருவுக்கே கேட்கக் கத்தினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

“பாப்பாவுக்கும் இப்புடித்தான் செஞ்சியா?” என்று கேட்டேன். மகள் பிறந்தபோது நான் குவைத்தில் இருந்தேன். அவளைக் கண்ணால் பார்த்ததே அவள் நடக்க ஆரம்பித்த பிறகுதான்.

“மூணு மாசத்துல அஞ்சு நாளா அவளுக்குப் போகலைங்க. வயிறு உப்பிக்கிட்டு ஒரே அழுகை. நீங்க அன்னைக்குப் போன்ல, புள்ள எப்புடி இருக்குன்னு கேட்டீங்க. நல்லாருக்குன்னு சொன்னேன்.”

சொல்லிவிட்டுக் குஞ்சைத் துண்டால் ஒற்றினாள். எத்தனை போனில் எத்தனை ‘நல்லாருக்கு’ கேட்டிருப்பேன். அத்தனையையும் நம்பி நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். நன்றி என்று அவளிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை. அவளுடைய ஈரக் கையைப் பிடித்து என் கண்களில் ஒற்றிக்கொண்டேன்.

“அய்ய, விடுங்க. கை கழுவலைங்க” என்றாள்.