அரை நொடிப் பொறுமை

லிஃப்ட் கம்பெனியில் என் அண்ணிக்கு முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் கேள்விக்குறி. நான் அதே கம்பெனியில் லிஃப்ட் பொருத்தும் மெக்கானிக். வீட்டிலும் கேள்வி, வேலையிலும் கேள்வி என்றால் ஒரு மனிதன் எங்கேதான் போவது?

லிஃப்டை ஓட்டும் மின்சுற்றுப் பலகைகளுக்கு ஈயம் வைத்து ஒட்டும் மேசையில்தான் அண்ணி வேலைக்குச் சேர்ந்தார். பலகையிலிருக்கும் சிப் எப்படி முடிவெடுக்கிறது என்று கேட்டார். பதில் சொல்ல ஆளில்லை. சிப்போடு வந்த தடிப் புத்தகத்தை இரண்டே வருடத்தில் கரைத்துக் குடித்தார். சிப்புக்கு நேரடியாகக் கட்டளையிடும் அசெம்பிளி மொழியில் லிஃப்டுக்கு நிரல் எழுதும் ஒரே ஆளானார்.

"ஒவ்வொரு அடியையும் நாமளே சொல்லணும் தம்பி. இந்த எண்ணை எடு, ஒண்ணு குறை, சைபர் ஆச்சான்னு பாரு, ஆகலைன்னா திரும்பப் போ. சொன்னதை அப்படியே செய்யும்."

"எங்க அண்ணன் மாதிரி."

"உங்க அண்ணன் சொன்னதை என்னிக்குச் செஞ்சாரு?"

ஒன்பது வருடம் இப்படிப் போனது. பிறகு புதுச் சிப் வந்தது. பழைய அசெம்பிளி அதற்குப் புரியாது. மேனேஜர் எல்லாவற்றையும் சி மொழியில் எழுதச் சொன்னார். அதில் எழுதினால், கம்பைலர் என்ற மென்பொருள் அந்தந்தச் சிப்புக்கு ஏற்றபடி மாற்றிக்கொடுக்கும்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள ஓடணும்மா. இல்லைன்னா வெளிக் கம்பெனிக்குக் குடுத்துடுவேன். நீங்க பழையபடி ஈய மேசைக்குப் போயிடலாம்."

அண்ணி அன்றே சி மொழியில் எழுத உட்கார்ந்தார். பயத்தை மீறி ஆசை இழுத்தது. "இருபது வரி எழுதினது இதுல ஒரே வரி தம்பி. நான் நினைக்கிறது இதுக்கு எப்படித் தெரியுது?"

மேசைச் சோதனையில் எல்லாம் ஒழுங்காக ஓடியது. வியாழக்கிழமை சோதனை லிஃப்டுக்குள் நான் ஏறினேன். மூன்றாவது மாடியில் லிஃப்ட் வெடுக்கென்று நின்றது, என் நெற்றி கதவில் இடித்தது. அப்போது நான் சொன்ன வார்த்தைகளை அச்சில் போட முடியாது.

மோட்டாரை நிற்கச் சொன்னபின் அரை நொடி பொறுத்துத்தான் பிரேக் விழ வேண்டும். இங்கே உடனே விழுந்திருக்கிறது.

"பொறுக்கச் சொல்லி எழுதியிருக்கேனே. சும்மா ஐம்பதாயிரம் வரைக்கும் எண்ணு, அப்புறம் பிரேக்கைப் போடு. அசெம்பிளியில இப்படித்தானே எழுதுவேன்" என்றார் அண்ணி. கம்பைலர் தன் நிரலை என்னவாக மாற்றியது என்பதை அசெம்பிளியாகவே அச்செடுத்து, வரிவரியாக விரலை ஓட்டினார். பாதியில் விரல் நின்றது.

"எண்ணுறது இங்க இல்லவே இல்லை. மேசையில சோதிச்சப்ப இல்லாம, லிஃப்டுல ஏத்தும்போது மட்டும் நிரலைச் சுருக்கித் தரக் கம்பைலர்கிட்ட சொன்னேன். எண்ணி வந்ததை நான் எதுக்கும் பயன்படுத்தலையா, வெட்டி வேலைன்னு தூக்கிடுச்சு."

"நீங்க எழுதினதைத் தூக்க அதுக்கு யாரு அதிகாரம் குடுத்தது?" எனக்கு நெற்றி வலி வேறு. "பேசாம இதுக்கும் அசெம்பிளியிலயே எழுதுங்க அண்ணி."

"மத்த பக்கத்தையும் பாருங்க. நான் ஒன்பது வருஷமா சுத்தி வளைச்சுப் போன இடத்துல இது நேராப் போயிருக்கு." எனக்குத் துரோகமாகத் தெரிந்தது அவருக்கு அதிசயமாக இருந்தது. "அசெம்பிளியில எப்படிச் செய்யணும்னு சொன்னாப் போதும். இதுகிட்ட எனக்கு என்ன வேணும்னு சொல்லணும் போல."

சிப்புக்குள் இருக்கும் கடிகாரத்தில் அரை நொடி கழியும்வரை பிரேக்கைத் தொடாதே என்று மூன்று வரி எழுதினார். வெள்ளி காலை நாற்பது தடவை ஏறி இறங்கினேன். ஒரு குலுக்கல் இல்லை.

அறிக்கை எழுதும்போது நான் யோசனை சொன்னேன். "பழியைக் கம்பைலர் மேல போடுங்க. அது வந்து சண்டையா பிடிக்கப் போகுது?"

அண்ணி கேட்கவில்லை. 'தவறு என்னுடையது. பொறுத்திருக்கச் சொல்வதாக நினைத்து, எண்ணத்தான் சொன்னேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

மேனேஜர் அதை இரண்டு முறை படித்தார். "இந்த மாதிரி இன்னும் எத்தனை இடத்துல இருக்கும்?"

"தெரியலை சார். தேடணும்." என்றார் அண்ணி.

"தேடுங்க. ஆளுங்க ஏறுறதுக்கு முன்னாடி எனக்குத் தெரிஞ்சாகணும். வெளிக் கம்பெனிக்காரன் தன் தப்பை இப்படி எழுதியே குடுத்திருக்க மாட்டான். இந்த வேலை உங்ககிட்டயே இருக்கட்டும்."

அண்ணி அவர் எதிரிலேயே அழுதுவிட்டார்.